கேரவனுக்குள் ஜெனரேட்டருக்கென்று ஒரு தனி பிளக் பாயின்ட்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் வயரிங் வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் பழைய செட்டிநாட்டு வீடுகள். தேக்குத் தூணில் ஆணி அடிக்கக் கூடாது, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை வெட்டக் கூடாது, பளபளவென்று இழைத்த சுண்ணாம்புச் சுவரைக் கொத்தக் கூடாது. ஆனால் ஏசிக்கு பாயின்ட் வேண்டும். இதற்குப் பழகிப் போன எனக்குப் போன சித்திரையில் கானாடுகாத்தானில் புதுவிதமாக ஒரு வேலை வந்தது.

முன்னோர்களுக்குப் படையல் போட்டுக் கும்பிடும் படைப்புக்காகப் பங்காளிகள் எல்லாரும் கூடியிருந்தார்கள். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள உள்கட்டில், ஒரு அறைகூட மிச்சமில்லை. சென்னையில் இருந்து வந்த ஒரு குடும்பம், காரின் பின்னால் கோத்து இழுக்கும் கேரவனோடு வந்து வீட்டுக்குப் பக்கத்துப் பொட்டலில் நிறுத்தியிருந்தது. உள்ளே இரண்டு படுக்கை, கைக்கடக்கமான அடுப்படி, ஃபிரிட்ஜ், 1 டன் ஏசி. வீட்டில் இருந்து ஒரு நீள வயரை இழுத்து கேரவனுக்குக் கரன்ட் கொடுத்திருந்தார்கள். ஏசியைப் போட்டால் வீட்டு மின்விசிறி எல்லாம் சோர்ந்து சுற்றின, சில நேரம் மெயினே விழுந்தது. அவர்களிடம் 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. "ஏசி மட்டும் ஜெனரேட்டர்ல ஓடட்டும், லைட்டும் ஃபிரிட்ஜும் வீட்டு கரன்ட்லயே இருக்கட்டும். முடியுமாண்ணே?" என்று கேட்டார் கேரவன்காரர்.

முடியும். ஜெனரேட்டருக்கென்றே தனியாக ஒரு பாயின்ட் வைக்க வேண்டும், அவ்வளவுதான். நான் அளவெடுத்துக்கொண்டிருந்தபோது வீட்டு ஆச்சி வந்து நின்று பார்த்தார்கள். "ஏன் தம்பி, ஜெனரேட்டர் வயரை அங்க இருக்கிற பிளக்குலயே சொருகிட்டா வேலை முடிஞ்சது. இதுக்கு எதுக்கு ஒரு நாள் கூலி?"

நியாயமான கேள்வி. அன்று ஆச்சியிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

வேறு வைத்தது போல

நகரத்தார் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. மகனுக்குக் கல்யாணமானதும் அவனையும் மருமகளையும் 'வேறு வைப்பார்கள்'. அதே வீடு, அதே முகப்பு, அதே வளவு. ஆனால் அந்தத் தம்பதிக்குத் தனி அறை, தனி அடுப்பு, தனி வரவு செலவு. அண்ணன் அடுப்பில் அரிசி குறைந்தால் தம்பி பானையில் கை வைக்க முடியாது. இதில் சண்டை எதுவும் இல்லை, கணக்கு குழம்பாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

தனி ஜெனரேட்டர் பாயின்டும் அப்படித்தான். ஒரே கேரவனுக்குள் இரண்டு அடுப்பு. ஒன்று வீட்டுக் கரன்டில் ஓடுவது: வெளியில் உள்ள பெரிய பிளக் வழியாக வந்து, டிபி பாக்ஸுக்குப் போய், எல்லா லைட்டுக்கும் சாக்கெட்டுக்கும் பிரிவது. இன்னொன்று ஜெனரேட்டரில் ஓடுவது: வெளிச்சுவரில் அதற்கென்றே ஒரு வாய், அங்கிருந்து தனி கேபிள், தனி எம்சிபி (அளவுக்கு மேல் கரன்ட் போனால் விழும் சுவிட்ச்), தனி ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்), கடைசியில் ஒரே ஒரு சாக்கெட். இரண்டும் எந்த இடத்திலும் தொட்டுக்கொள்ளக் கூடாது. பேஸ் (கரன்ட் வரும் வயர்) மட்டுமில்லை, நியூட்ரலும் (கரன்ட் திரும்பும் வயர்) தனி. இதைத்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். "நியூட்ரல்ல ஷாக் அடிக்காதே, பக்கத்துல போற நியூட்ரலோட சேத்துட்டேன்" என்று சொல்லும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

அது ஏன் தப்பு என்று புரிய, கரன்டைப் பற்றி ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். கரன்ட் எங்கே பிறந்ததோ அங்கேயே திரும்பிப் போகும். வேறு எங்கும் போய்த் தங்காது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனவர்கள் சம்பாதித்து முடித்துச் சொந்த ஊருக்கே திரும்பியது போல, பேஸ் வழியாகக் கிளம்பிய கரன்ட் ஏசியில் வேலை பார்த்துவிட்டு நியூட்ரல் வழியாக ஊர் திரும்புகிறது. ஈபி கரன்டுக்குச் சொந்த ஊர் தெரு முனை டிரான்ஸ்ஃபார்மர். ஜெனரேட்டர் கரன்டுக்குச் சொந்த ஊர் அந்த ஜெனரேட்டரே. இரண்டு நியூட்ரலையும் சேர்த்துக் கட்டினால் யார் எந்த வழியில் திரும்புகிறார் என்ற கணக்கு கலைந்துவிடும்.

அந்தக் கணக்கைப் பார்க்கிற கணக்குப்பிள்ளைதான் ஆர்சிசிபி. பேஸில் எவ்வளவு போனது, நியூட்ரலில் எவ்வளவு திரும்பி வந்தது என்று நொடி விடாமல் ஐந்தொகை போட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் துண்டு விழுந்தாலே கதவைச் சாத்திவிடும், அதாவது டிரிப் ஆகும். துண்டு விழுந்த அந்தக் கரன்ட் ஒரு ஆளின் உடம்பு வழியாகப் போயிருக்கலாம் என்பதுதான் காரணம். நியூட்ரலைக் கலந்துவிட்டால் யாருக்கும் ஷாக் அடிக்காதபோதும் ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருக்கும். உடனே ஒருவர் வந்து, "இது தொல்லைப்பா" என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு நேராக வயரைக் கோத்துவிடுவார். அத்தோடு பாதுகாப்பு போயிற்று.

இருக்கிற பிளக்கில் ஏன் சொருகக் கூடாது

ஆச்சி சொன்ன வழியைப் பலர் செய்கிறார்கள். இரண்டு முனையிலும் பிளக் பின் வைத்த ஒரு வயரைத் தயார் செய்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறு முனையைச் சுவர் சாக்கெட்டிலும் சொருகுவது. இந்த வயரைக் கண்டால் அந்த இடத்திலேயே வெட்டிப் போடுங்கள். ஜெனரேட்டர் ஓடும்போது மறு முனை கழன்று விழுந்தால், அதன் வெறும் பின்னில் 230 வோல்ட் நிற்கும். குழந்தைகள் ஓடியாடும் படைப்பு வீட்டில் இதை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம், கேரவன் வீட்டு வயரோடும் இணைந்திருக்கிறது. கரன்ட் போன நேரத்தில் கேரவனுக்குள் இருக்கும் சாக்கெட்டில் ஜெனரேட்டரைச் சொருகினால், அந்தக் கரன்ட் கேரவனோடு நிற்காது. நீள வயர் வழியாக வீட்டுக்குப் போகும், மீட்டரைத் தாண்டித் தெரு லைனுக்குப் போகும், டிரான்ஸ்ஃபார்மருக்கும் போகும். 11,000 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கிற அதே டிரான்ஸ்ஃபார்மர், பின்னால் இருந்து கரன்ட் வந்தால் அதை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்திவிடும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஒருவர் ஏறியிருப்பார். "சின்ன ஜெனரேட்டர், ஊர் லோடைத் தாங்காமல் அதுவே அணைந்துவிடும்" என்று சிலர் சொல்வார்கள். பழுது பார்ப்பதற்காக லைனை நடுவில் துண்டித்திருந்தால் தாங்க வேண்டிய ஊர் லோடே இல்லை, ஜெனரேட்டர் அணையாமல் ஓடும்.

சில வருடங்களுக்கு முன்னால் தேவகோட்டைப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில், நான் சாப்பிடப் போன நேரத்தில் யாரோ இப்படிச் சொருகிவிட்டார்கள். அரை மணி நேரத்தில் ஈபி கரன்ட் திரும்ப வந்தது. இரண்டு கரன்டும் மோதி வாடகை ஜெனரேட்டரின் காயில் எரிந்து, பந்தல் முழுக்க நாற்றம். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று கம்பத்தில் யாராவது இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன்.

வீடு முழுவதற்கும் ஜெனரேட்டர் கொடுக்க வேண்டுமானால் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடுவோம். ஈபி அல்லது ஜெனரேட்டர், ஒரு நேரத்தில் ஒன்றுதான் உள்ளே வரும். கேரவன்காரருக்கு அது உதவாது, அவருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டும் ஓட வேண்டும், ஆனால் சந்திக்கவே கூடாது என்றால் தனி பாயின்ட்தான் வழி.

எவ்வளவு தாங்கும்

2 கேவிஏ என்றால் தொடர்ந்து எடுக்க 1600 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டால் வகுத்தால் 7 ஆம்பியர். சித்திரை வெயிலில் இன்ஜின் தன் முழு பலத்தைக் கொடுக்காது, அதனால் இதற்கும் கொஞ்சம் கீழேயே நின்றுகொள்வது நல்லது. 1 டன் இன்வெர்ட்டர் ஏசி சுமார் 1000 வாட் இழுக்கும், மெதுவாகக் கிளம்பும், அதனால் பிரச்சினை இல்லை. பழைய மாடல் ஏசி என்றால் கம்ப்ரெஸர் கிளம்பும் கணத்தில் பல மடங்கு இழுக்கும். இந்த ஜெனரேட்டர் மூச்சுத் திணறி நின்றுவிடலாம். 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட்தான், மிக்ஸி 750, கெட்டில் 1500. ஏசியும் கெட்டிலும் சேர்ந்தால் தாங்காது. ஏசி ஓடாத காலை நேரத்தில் வேண்டுமானால் அதே பாயின்டில் கெட்டிலைப் போட்டுக்கொள்ளலாம். மழை நாளில் சோலார் வராமல் கேரவன் பேட்டரி இறங்கிவிட்டால், 12 வோல்ட் பேட்டரி சார்ஜரையும் இதில் மாட்டலாம். 30 ஆம்பியர் சார்ஜர்கூட 500 வாட் அளவில்தான் எடுக்கும்.

16 ஆம்பியர் சாக்கெட் வைத்திருப்பதால் 16 ஆம்பியர் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். பானை பெரிதாக இருந்தாலும் அரிசி இருக்கிற அளவுதானே சோறு.

வேலை நடந்த விதம்

கேரவனின் வெளிச்சுவரில், ஏற்கெனவே இருந்த வீட்டுக் கரன்ட் பிளக்கில் இருந்து தள்ளி, மூடியுள்ள ஆண் பிளக் ஒன்றைப் பதித்தேன். பிளக் பின் வெளியே தெரியும் இந்த வகைதான் இங்கே சரி. ஏனென்றால் ஜெனரேட்டரில் இருந்து வரும் கேபிள் முனையில் ஓட்டைதான் இருக்கும், அது கழன்று விழுந்தாலும் விரல் படாது. ஓட்டை போட்ட தகரத்தில் ரப்பர் வளையம் போட்டு, சுற்றிலும் சிலிகான் பூசினேன். ரப்பர் வளையத்தை மறந்தால் ஓட்டத்தில் ஏற்படும் அதிர்வு தகர விளிம்பைக் கத்தியாக்கி வயரை அறுத்துவிடும்.

உள்ளே 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், பல இழை உள்ளது. கடையில் 'டூ பாயின்ட் ஃபைவ்' என்று கேட்டால் தருவார்கள். வீட்டில் பழகிய ஒற்றைக் கம்பி வயரை ஓடும் வண்டியில் போடாதீர்கள், குலுங்கிக் குலுங்கி முறிந்துவிடும். முறுக்கி டேப் சுற்றும் இணைப்பும் வேண்டாம். ஒவ்வொரு முனையிலும் லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) வைத்து அழுத்தித்தான் மாட்டினேன். ஜெனரேட்டருக்குப் போகும் வெளி கேபிள் மூன்று கோர், அதுவும் 2.5தான், 10 மீட்டர். இந்த நீளத்துக்கு 7 ஆம்பியரில் ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் இழப்பு, கவலைப்பட ஒன்றுமில்லை.

சின்னப் பெட்டி ஒன்றில் இரண்டு போல் உள்ள, அதாவது பேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே துண்டிக்கும் 10 ஆம்பியர் எம்சிபி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. பிறகு சாக்கெட். சாக்கெட்டின் மேல் சிவப்புப் பெயின்டில் 'ஜெனரேட்டர் மட்டும்' என்று தமிழில் எழுதச் சொன்னார்கள் ஆச்சி. வீட்டில் எல்லாரும் படிக்க வேண்டுமாம். நல்ல யோசனை. இப்போது எல்லா வேலையிலும் அப்படித்தான் எழுதுகிறேன்.

எர்த் மட்டும் பொது

வேறு வைத்த வீட்டிலும் முகப்பும் சாமி வீடும் எல்லாருக்கும் பொது. இங்கே அந்த இடத்தில் இருப்பது எர்த். கேரவனின் இரும்புச் சட்டம், அதன் தகர உடம்பு, வீட்டுக் கரன்டின் எர்த் வயர், ஜெனரேட்டர் கேபிளின் பச்சை வயர், எல்லாம் ஒன்றாகச் சேர வேண்டும். ஒரு கையால் ஏசியையும் மறு கையால் ஃபிரிட்ஜையும் தொட்டால் இரண்டுக்கும் நடுவில் வோல்ட்டேஜ் வித்தியாசம் இருக்கக் கூடாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள், வேலையிலேயே முக்கியமானது இதுதான்.

எர்த் என்றால் கரன்டை மண்ணுக்குள் இறக்கி விடுவது என்று நாம் நினைக்கிறோம். "ஜெனரேட்டர் பக்கத்தில் ஒரு கம்பியை அடித்து வயரைக் கட்டிவிட்டேன், இனிப் பயமில்லை" என்கிறார்கள். ஆனால் கரன்ட் பிறந்த இடத்துக்குத்தான் திரும்பும் என்று மேலே பார்த்தோம். ஈபி டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரலை மண்ணோடு இணைத்திருப்பதால், ஈபி கரன்டுக்கு மண் வழியாகவும் ஊர் திரும்ப ஒரு பாதை உண்டு. மோசமான பாதைதான். நம் ஊர் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டாம். செம்பாறையும் சரளையுமாக, கோடையில் கடப்பாறைகூட இறங்காமல் காய்ந்து கிடக்கும். பழைய வீட்டுக் கொல்லைகளில் கரியும் உப்பும் போட்டு எர்த் குழி எடுத்து, மேலே தண்ணீர் ஊற்ற ஒரு புனல் வைத்திருப்பார்கள். இப்போது ஊற்ற ஆளில்லாமல் முக்கால்வாசி வறண்டு போய்விட்டன. இப்படி ஒரு எர்த்தின் தடை 50 ஓம் என்று வைத்தால், 230 வோல்ட்டில் அதன் வழியே 4.6 ஆம்பியர்தான் போகும். 10 ஆம்பியர் எம்சிபி அசையக்கூட அசையாது, கசியும் கிரைண்டரின் உடம்பில் கரன்ட் அப்படியே நிற்கும். ஆனால் ஆர்சிசிபிக்கு 30 மில்லி ஆம்பியரே போதும் என்பதால் அது விழுந்து காப்பாற்றிவிடும். அதனால்தான் வறண்ட ஊரில் ஆர்சிசிபி இல்லாத வீடு எனக்குக் கவலை தருகிறது.

ஜெனரேட்டரில் கதை வேறு. கைப்பிடி வைத்துத் தூக்கும் சின்ன ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எதோடும் இணையாமல் அந்தரத்தில் நிற்கும். அதன் இரும்பு உடம்போடும் இணைப்பில்லை, மண்ணோடும் இல்லை. அப்போது கசியும் கரன்ட் திரும்பி வரப் பச்சை வயரில் பாதையே கிடையாது. பாதை இல்லையென்றால் துண்டு விழாது, துண்டு விழாவிட்டால் கணக்குப்பிள்ளை எதையும் கவனிக்கமாட்டார். முதல் கோளாறு யாருக்கும் தெரியாமல் உள்ளேயே படுத்திருக்கும். இரண்டாவது கோளாறு வரும்போது ஆளை அடிக்கும்.

கானாடுகாத்தானில் இதை நேராகவே பார்த்தோம். எல்லாம் மாட்டி முடித்து ஜெனரேட்டரை ஓட்டி, ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தினேன். டக்கென்று விழுந்தது. கேரவன்காரர் "சரிண்ணே, முடிஞ்சது" என்றார். முடியவில்லை. அந்தப் பட்டன், ஆர்சிசிபிக்குள்ளேயே பேஸையும் நியூட்ரலையும் வைத்துச் செயற்கையாக ஒரு துண்டை உண்டாக்குகிறது. கருவி வேலை செய்கிறது என்று மட்டும் அது சொல்லும். எர்த் பாதை இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. ஒரு 15 வாட் குண்டு பல்பு வைத்த டெஸ்ட் லாம்பை எடுத்து, சாக்கெட்டின் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தேன். பல்பு எரியவில்லை, ஆர்சிசிபியும் விழவில்லை. நியூட்ரல் அந்தரத்தில் நிற்கிறது என்று அர்த்தம்.

ஜெனரேட்டரோடு வந்த கையேட்டைப் பார்த்து, அதில் அனுமதி இருக்கிறது என்று தெரிந்த பிறகு, ஜெனரேட்டர் பக்கத்திலேயே நியூட்ரலை அதன் உடம்போடு இணைத்தேன். ஒரே ஓர் இடத்தில், ஆர்சிசிபிக்கு முன்னால். மறுபடி லாம்ப் வைத்தேன். 15 வாட் பல்பு 65 மில்லி ஆம்பியர் எடுக்கும், அது 30-ஐத் தாண்டிவிட்டது. கண்ணிமைக்கும் முன் டிரிப். ஆச்சி எட்டிப் பார்த்து, "இப்பத்தான் விழுந்துருச்சே, கெட்டுப் போச்சா?" என்று பதறினார்கள். "இப்பத்தான் ஆச்சி நல்லாச்சு" என்றேன்.

இந்த இணைப்பையும் லாம்ப் சோதனையையும் நீங்களே செய்யாதீர்கள், உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சில ஜெனரேட்டர்கள் கம்பெனியிலேயே இணைக்கப்பட்டு வரும், அவற்றில் இன்னோர் இடத்தில் இணைத்தால் நியூட்ரல் கரன்ட் பச்சை வயரிலும் ஓட ஆரம்பித்துவிடும். கேரவனின் வீட்டுக் கரன்ட் பக்கத்தில் இந்த இணைப்பு வரவே கூடாது. ஆனால் வேலை முடிந்ததும் "பேஸுக்கும் எர்த்துக்கும் லாம்ப் வைத்துக் காட்டுங்கள்" என்று தைரியமாகக் கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

இன்னொன்று: கேரவனை எந்த வீட்டு வயரோடு இணைத்தாலும் முதலில் அந்த வீட்டு எர்த்தைப் பார்த்துவிடுங்கள். எர்த் வயர் அறுந்த பழைய வீட்டில் எங்கோ கசியும் கரன்ட், அந்தப் பச்சை வயர் வழியாகவே உங்கள் கேரவன் உடம்புக்கு வந்து சேரும்.

புகை

ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை, தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். கேரவனில் இருந்து குறைந்தது 20 அடி தள்ளி, காற்று கேரவனை விட்டு விலகி அடிக்கும் பக்கமாக, புகைக்குழாய் வெளிப்புறம் பார்க்கும்படி வையுங்கள். 10 மீட்டர் கேபிள் வாங்கச் சொன்னது இதற்குத்தான். வானம் தெரிகிற வளவு முற்றம் திறந்த வெளிதானே என்று அங்கே வைக்கப் பார்த்தார்கள், நான் விடவில்லை. நாலு பக்கமும் அறை உள்ள இடத்தில் புகை சுழன்று உள்ளேதான் போகும். கேரவனுக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி மாட்டச் சொன்னேன். அன்றே ஆர்டர் போட்டுவிட்டார்.

அன்று மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் பிள்ளைகள் ஏசியில் தூங்கினார்கள், வளவில் மின்விசிறிகள் சோராமல் சுற்றின. கிளம்பும்போது கேரவன்காரரிடம் ஒன்று சொல்லி வைத்தேன். சென்னையில் இருந்து இங்கே வர சுமார் 400 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் குலுங்கி வந்த வண்டியில் திருகுகள் தளர்ந்திருக்கும். ஒவ்வொரு பயணம் முடிந்ததும், எந்தக் கரன்டையும் இணைப்பதற்கு முன்னால், பெட்டியைத் திறந்து எம்சிபி, ஆர்சிசிபி, சாக்கெட் திருகுகளை ஒரு முறை இறுக்கிவிட வேண்டும். திருப்புளியை அந்தப் பெட்டிக்குள்ளேயே கட்டிவைத்துவிட்டு வந்தேன்.